வழித்தடம் இல்லாத வேன்

பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கிள்ளான் வரை சுலபமாகப் போய்விடலாம். சிக்கல் அதன் பிறகுதான். நிலையத்திலிருந்து தாமானில் உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். கொளுத்தும் வெயிலில் நடக்க முடியுமா? இதைக் ‘கடைசி மைல்’ சிக்கல் என்கிறார்கள். இது தீராவிட்டால் மக்கள் காரைத்தான் எடுப்பார்கள்.

பெரிய பேருந்தை அடிக்கடி ஓட்டலாம். ஆனால், மதிய வேளையில் நான்கே பேருக்காக அது தாமானைச் சுற்றினால் எரிபொருள் வீண். இதற்கு ஒரு மாற்றுதான் தேவைக்கேற்ற போக்குவரத்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரெபிட் கேஎல் இத்தகைய வேன்களை இயக்குகிறது. ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் செயலியில் பதிந்தால், அந்த வட்டாரத்துக்குள் ஓடும் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வழியில் மற்றவர்களும் ஏறுவார்கள்.

யாரை முதலில் ஏற்றுவது, யாரை முதலில் இறக்குவது? இங்கேதான் கணிதம் வருகிறது. அமலா, பாலன் என இரண்டு பயணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய பிறகே இறங்க முடியும் என்பதால், வேன் செல்லக்கூடிய வரிசைகள் 6. மூன்று பேர் என்றால் 90. நான்கு பேருக்கு 2,520. ஐந்து பேருக்கு 1,13,400! முதல் ஆறையும் தாளில் எழுதிச் சரிபாருங்கள், மாணவர்களே.

வேன்களும் பயணிகளும் பெருகினால், எல்லா வரிசைகளையும் அலசக் கணினிக்கே நேரம் போதாது. ஆகவே, ஏற்கெனவே உள்ள வரிசையில் புதியவரை எங்கே செருகினால் தாமதம் குறையும் என்று பார்ப்பது ஒரு வழி. தாமதம் எல்லை மீறினால் வேறு வேனைத் தேட வேண்டும்.

அந்த எல்லை 5 நிமிடமா, 15 நிமிடமா? குறைத்தால் பயணம் விரைவாகும். வேனில் ஆள் குறைந்து செலவு கூடும். கூட்டினால் வேன் நிறையும். அமலா வகுப்புக்குத் தாமதமாகப் போவாள். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்தாம்.

இந்த யோசனை பழையது. 1972-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஹேடன்ஃபீல்டில், தொலைபேசியில் அழைத்தாலே சிறு பேருந்து வந்தது. இன்று அழைப்பின் இடத்தில் செயலி. கைத்தொலைபேசியில் செயலி பழகாத பாட்டிக்கு, வேன் தெருமுனைக்கு வந்தாலும் எட்டாது. அவரும் ஏறுவதற்கு வழி செய்தால்தான் அது பொதுப் போக்குவரத்து.