கோலார் தங்கவயல்

“பொன் வைக்கும் இடத்தில் பூவையாவது வை” என்பர் நம் பெரியோர். காதுகுத்தானாலும் கலியாணமானாலும் பொன்னின்றி நம் வீடுகளில் விழா இல்லை. தாம்பரம் கடைத்தெருவில் நகைக்கடைகளைக் காணும் நாம், பூமிக்குள் இருக்கும் பொன்னை வெளியே கொணர்ந்தவர்களைப் பற்றி எண்ணியதுண்டா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில் பங்காருப்பேட்டையில் இறங்கி, கிளை இரயிலில் சென்றால் கோலார் தங்கவயலை அடையலாம். கர்நாடக மாநிலமாயினும் அங்கே தமிழோசை கேட்கும். 1802-ல் வாரன் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி, அப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்னரே சுரங்கத் தொழில் ஓங்கியது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர்.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, வறுமையாலும் தீண்டாமைக் கொடுமையாலும் ஊரை விட்டு வந்த ஏழைத் தமிழர்களே. சொந்த வயல் இல்லாதவர்கள் தங்கவயலை நாடினர்! மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலுள்ள மண்ணின் அழுத்தத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறும், பலர் உயிரிழந்தனர். பாறைத்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயால் மாண்டோரும் உண்டு. குற்றவாளிகளைப் போலத் தங்கள் கைரேகையைப் பதிவு செய்வதை எதிர்த்து, 1930-ல் அவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர்.

வெட்டிய பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்தனர். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கிடைத்தது. நாளடைவில் ஒரு டன் பாறைக்குச் சில கிராமே தேறியது. செலவோ வரவை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

பொன் போய்விட்டது, சயனைடு கழிவு மண் மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் அத்தூசு வீடுகளுக்குள் புகுகிறது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் இரயிலேறி, வேலை தேடிப் பெங்களூர் செல்கின்றனர்.

நாட்டுக்குப் பொன் தந்த அம்மக்களுக்கு நன்றி என்னும் பூவையாவது நாம் வைக்க வேண்டாமா?