உங்களுக்குத் தெரியுமா? விண்ணிலிருந்து வரும் கோளாறு!

காஸ்மிக் கதிர் கிளப்பிவிடும் ஒரே ஒரு துகள் போதும், கம்ப்யூட்டர் மெமரியில் இருக்கும் 0-வை 1 ஆக்கிவிடும்!

• 2003, பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் தேர்தல். ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்தன. 2-ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள். ஒரு பிட் புரண்டதன் கணக்கு அது. காஸ்மிக் கதிர்தான் காரணமாக இருக்கும் என்பது நிபுணர்களின் கணிப்பு.

• இந்தக் கதிர்களின் தொல்லையிலிருந்து தப்பவே விஞ்ஞானிகள் கோலார் தங்கவயலுக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம், 2 கிலோமீட்டருக்கும் கீழே. தலைக்கு மேல் முழுக்கப் பாறை. 1965-ல் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகள் அங்கே சிக்கியது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

• வீட்டு மெஷின் உறைந்தால் வானத்தைத் திட்ட வேண்டாம், பெரும்பாலும் குற்றவாளி சாஃப்ட்வேர்தான். எதுவானாலும் முதல் வைத்தியம் ரீஸ்டார்ட்: மெமரி துடைக்கப்பட்டு எல்லாம் புதிதாக ஏறும். விண்டோஸ் 10, 11-ல் வெறும் ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் பழைய நிலையின் ஒரு பகுதி டிஸ்க்கிலிருந்து அப்படியே திரும்பி வரும்.

• பிரவுசரில் ஒரு பக்கம் மட்டும் கோணலா? கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.