தாப்பா இறக்கம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மலைப் பயணப் பேச்சு சூடுபிடித்துவிடும். பிள்ளைகளுக்குக் குளிர் வேண்டும், அம்மாக்களுக்கு மலிவான காய்கறி வேண்டும், பாட்டிக்கு ஒரு முருகன் கோயில் வேண்டும். ஓட்டப்போகிறவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் மலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆசகான் பக்கம் திரும்பினால் 1,276 மீட்டர் உயர லெடாங் மலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது நடந்து ஏறுகிறவர்களின் மலை. காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சிற்றூர் சிற்றூராக நின்று, ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துப் போக வேண்டுமென்றால் தீத்திவாங்சா மலைத்தொடருக்குத்தான் போக வேண்டும். கேமரன் மலைதான் எப்போதும் முதல் தேர்வு.

ஜாசின் டோலில் ஏறி, கோலாலம்பூரைக் கடந்து தாப்பாவில் வெளியேறுவது எல்லாரும் போகும் வழி. வேகமான வழியும் அதுதான். ஆனால் வழியில் ஓர் ஊரையும் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு 9-ஆம் எண் கூட்டரசுச் சாலை இருக்கிறது. செலாண்டார் வழியாகத் தம்பின் போய் அந்தச் சாலையைப் பிடித்தால் கோலப்பிலா, சிம்பாங் பெர்த்தாங், மஞ்சிஸ், தெலெமோங் என்று ஒவ்வோர் ஊராகத் தொட்டுக் காராக் வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து பெந்தோங், ரவூப், சுங்கை கோயான், கடைசியில் ரிங்லெட். கேமரன் மலைக்குப் பின்வாசல் வழியாக நுழைவது இது.

கோலப்பிலாவில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். நெகிரி செம்பிலானின் மசாக் லெமாக் சிலி அப்பி காரத்துக்குப் பேர்போனது. பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொடுப்பது நல்லது. மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நினைவாகச் சீனர்கள் எழுப்பிய வளைவு இன்னும் ஊருக்குள் நிற்கிறது. பெந்தோங்கில் இஞ்சி பிரபலம். ரவூப்பில் 1889-இல் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தங்கம் தோண்ட வந்தது. இப்போது அந்த ஊருக்குப் பணம் வருவது முசாங் கிங் டுரியானில். பிரேசர் மலை பார்க்க ஆசைப்படுபவர்கள் ரவூப் போகும் வழியில் துராஸ் பக்கம் பிரியலாம். கேப் (Gap) என்னும் இடத்திலிருந்து மேலே ஏறும் பழைய சாலை ஒரே தடம். ஏறும் கார்களையும் இறங்கும் கார்களையும் நேரம் பிரித்து மாறி மாறி விட்ட சாலை அது. ரவூப்பிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். சுங்கை கோயானைத் தாண்டினால் காடும் ஓராங் அஸ்லி கிராமங்களும்தான் அதிகம்.

மேலே போய்விட்டால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று வரிசையாகச் சிற்றூர்கள். 1885-இல் இந்த மலையை அளக்க வந்த பிரிட்டிஷ்காரரின் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. தேயிலை 1929-இல் வந்தது. கொழுந்து பறிக்கத் தமிழர்கள் வந்தார்கள். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில் அந்த வரலாற்றின் மிச்சம், பாட்டியின் கோரிக்கைக்கும் அதுவே பதில். ரப்பர் மரத்தடியில் வளர்ந்து இப்போது தாமான் வீட்டில் இருக்கும் பெம்பான்காரர்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். 2,031 மீட்டர் உயர பிரிஞ்சாங் சிகரம் வரைக்கும் சாலை போகும், குறுகலாக இருந்தாலும். ஸ்ட்ராபெரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் பயணக் குறிப்பிலும் கிடைக்கும். எதிலும் கிடைக்காத ஒன்று, இறங்குவது எப்படி என்பது.

சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால் ஏற்றம்தான் பயம். கார் இழுக்குமா, தண்ணீர் கொதித்துவிடுமா, இன்ஜின் தாங்குமா என்று பார்ப்பார்கள். பெம்பான் பக்கத்துப் பட்டறை ஒன்றில் விடுமுறைக்கு அடுத்த திங்கட்கிழமைகளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

"ஏறும்போது மீட்டரைப் பார்த்துக்கிட்டே போனேண்ணே. ஒண்ணுமில்ல."

"இறங்கும்போது எந்த கியர்ல வந்த தம்பி?"

"டி-லதாண்ணே. ஆட்டோ காடிதானே!"

பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை எடுத்துக் கையில் கொடுப்பார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய பக்கம் கண்ணாடி போல் பளபளக்கும். ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்த ஒரு வளையம். அதெல்லாம் சூடு விட்டுப்போன தடயம்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். தாப்பா கிட்டத்தட்ட சமவெளி. அவ்வளவு உயரத்தில் காருக்குள் சேர்ந்த ஆற்றல் கீழே வருவதற்குள் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். 110 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை முழுதாக நிறுத்தினால் பிறக்கும் சூட்டைப் போல ஏறத்தாழ 29 மடங்கு அது. சின்ன மைவியோ ஏழு பேர் ஏறிய பெரிய வேனோ, எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும். ஓட்டுகிறவர் இன்ஜினிடம் கொடுக்காவிட்டால் அத்தனையும் பிரேக் தலையில்.

பிரேக் எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். அப்புறம் மிதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வது இதனால்தான். இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்களில் இதை மாற்றியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டறையிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

இன்றைய கார்களில் இத்தனை கவலை தேவையில்லை, ஆயிரக்கணக்கானோர் வாராவாரம் போய்விட்டுத்தானே வருகிறார்கள் என்பாரும் உண்டு. போய் வருகிறார்கள்தான். 2010 டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2013 ஆகஸ்ட் 21-இல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். இரண்டுமே ஏறும்போது நடந்தவை அல்ல.

மலைச் சாலையோரம் "குனா கியர் ரெண்டா" (குறைந்த கியரைப் பயன்படுத்து) என்று பலகை நிற்கிறது. அதைப் படித்துவிட்டு டி-யிலேயே இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஆட்டோ கியரில் எல் (L), எஸ் (S), பி (B), 2, 3 என்று காருக்குக் கார் எழுத்து வேறு; வீட்டை விட்டுப் புறப்படுமுன் நம் காரில் எது என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும். குறைந்த கியருக்கு மாற்றினால் இன்ஜின் உறுமும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பலர் உடனே டி-க்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆர்பிஎம் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்த உறுமலால் ஒரு கெடுதலும் இல்லை.

இன்னும் மோசமானது நியூட்ரல். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது பழைய லோரிக்காரர்கள் சொல்லிவைத்த பாடம். இன்றைய இன்ஜினில் அது தலைகீழ். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜினை அணையாமல் வைத்திருக்கவாவது பெட்ரோல் எரியும், பிரேக்கும் தனியாகக் கிடந்து தவிக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: மலை உச்சி ஹோட்டலில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்க்க இடமிருக்காது. அந்த வேலையும் பிரேக்குக்கே போகும்.

மலையிலிருந்து இறங்கும் வழிகளில் சிம்பாங் பூலாய் சாலை அகலம், வளைவுகள் தாராளம். அதனாலேயே வேகம் தெரியாமல் கூடிவிடும். தாப்பா சாலை கழுதைப் பாதையை அகலப்படுத்தியதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு வளைந்து வளைந்து போகும். குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் இறங்குவதற்கு அதுவே மேல், யாரும் அங்கே வேகமாகப் போக முடியாது. பிற்பகல் மழைக்கும் மூடுபனிக்கும் முன், காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். முந்தின இரவு ஒரு மணி வரை சீட்டாடிய மாமாவிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.

இறங்கும் வழியில், தாப்பாவுக்கு ஏறத்தாழ 20 கி.மீ. முன்னால் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வரும். அங்கே எப்படியும் நிறுத்துவார்கள். இறங்கியதும் முன்சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் போதும், தொட வேண்டியதில்லை. அனல் அடித்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அரை மணி நேரம் அங்கேயே உட்காரலாம். பெத்தாயும் காட்டுத் தேனும் விற்கும் ஓராங் அஸ்லி கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவசரப்பட்டுச் சக்கரத்தில் அருவித் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது, சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். கைப்பிரேக்கையும் இழுக்காமல், பார்க்கிங் (P) கியரில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போவது நல்லது.