பெயர் மாத்துறது அவ்வளவு ஈஸியா? உங்க போனுக்குள்ள நடந்த ஒரு 'பூட்டு' மாற்றம்!

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்தது. புதிய எழுத்துக்கூட்டல் மீது விமர்சனம் கிளம்ப, சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது. அதே மாதம் இன்னொரு பெயர் மாற்றம் சத்தமே இல்லாமல் நடந்தது. அது ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில்!

என்ன பெயர் அது?

லினக்ஸ் கெர்னல் என்பது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட, கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருள். அதில் ஒவ்வொரு ஆப்பின் நினைவகக் கணக்கையும் காக்க ஒரு பூட்டு உண்டு. ஒருவர் கணக்கை மாற்றும்போது இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பூட்டினவர் திறக்க மறந்தால், ஆப் அப்படியே உறைந்துவிடும்.

இந்தப் பூட்டின் பழைய பெயர் 'எம்மேப் செம்'. 'செம்' என்பது 'செமஃபோர்' என்ற பூட்டு வகையின் சுருக்கம். அதாவது, என்ன வேலை செய்யுது என்பதைவிட, எதனால் செய்யப்பட்டது என்பதையே பெயர் சொன்னது. நாளைக்கு வேறு வகைப் பூட்டு போட்டால் பெயரே பொய்யாகிவிடும். அதனால் 'எம்மேப் லாக்' என மாற்ற முடிவானது.

தேடி மாத்தினா போதாதா?

போதாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கீழ்பென்னாத்தூர் இருக்கு. வேலூர் மாவட்டத்தில் பென்னாத்தூர் இருக்கு. ஒரு பட்டியலில் 'பென்னாத்தூர்' என்பதைத் தேடி வேறு பெயர் போடச் சொன்னால், கம்ப்யூட்டர் கீழ்பென்னாத்தூரையும் சேர்த்தே மாற்றிவிடும். அதுக்கு எழுத்து தெரியும், ஊர் தெரியாது.

அதனால்தான் 'காக்சினெல்' என்ற கருவி பயன்பட்டது. பிரெஞ்சில் இதற்குப் பொறிவண்டு என்று பொருள். வெறும் எழுத்தை மட்டும் பார்க்காமல், சி மொழியின் வாக்கிய அமைப்பையே புரிந்துகொண்டு மாற்றக்கூடியது இது.

எப்படி மாத்தினாங்க?

முதல் படி: புதிய பெயரில் சிறு செயல்பாடுகள் உருவாக்கப்பட்டன. உள்ளே அவை பழைய வேலையைத்தான் செய்தன. எனவே எதுவும் உடையவில்லை.

இரண்டாவது படி: பூட்டை நேரடியாகத் தொட்ட நூற்றுக்கணக்கான இடங்கள் புதிய செயல்பாடுகள் வழியாகப் போகும்படி மாற்றப்பட்டன. கருவிக்குப் பிடிபடாத இடங்களை ஆட்களே திருத்தினார்கள்.

மூன்றாவது படி: எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டின் பெயரே மாறியது. இனி யாராவது பழக்க தோஷத்தில் பழைய பெயரை எழுதினால், கம்பைலர் அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் எழுதும் மென்பொருளில் இந்தக் காவல் ரொம்ப முக்கியம்.

2020 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 5.8 பதிப்பில் இந்த மாற்றம் வந்தது.

வெறும் பெயருக்கா இவ்வளவு பாடு?

பலன் சீக்கிரமே தெரிந்தது. எல்லோரும் ஒரே வாசல் வழியாக வருவதால், யார் எவ்வளவு நேரம் பூட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அளக்கும் வசதியை அந்த வாசலில் வைத்தாலே போதும் என்றானது. 2021-ல் வந்த 5.11 பதிப்பில் அது சேர்ந்தது. முன்பு என்றால் நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும்.

எல்லாப் பெயரையும் மாத்தலாமா?

முடியாது. கெர்னலுக்கு உள்ளே இருக்கும் பெயர்களை மாற்றலாம். லினக்ஸோடு சேராமல் தனியாக டிரைவர் எழுதுபவர்கள், அதற்கேற்பத் தங்கள் நிரலைத் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஆப்கள் நம்பியிருக்கும் வெளிப்பெயர்களைத் தொடக் கூடாது என்பது லினக்ஸின் கண்டிப்பான விதி. யூனிக்ஸ் காலத்தில் 'கிரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து விடுபட்ட ஒரு பெயர், இன்றும் அப்படியேதான் லினக்ஸில் இருக்கு.

நம்ம ஊரிலும் இதே கதைதான். மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ஆனால் டிக்கெட்டில் அதன் குறியீடு இன்னும் மெட்ராஸை நினைவூட்டும் 'எம்.ஏ.எஸ்.' தான்!

ஒரு பெயரை மாற்ற வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டியது, புதுப் பெயர் அழகா இருக்கா என்பதை அல்ல. பழைய பெயரை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்பதைத்தான்.