கைப்பேசிச் செயலியும் அதன் வழிகாட்டியும்

எங்கள் மல்லாங்கிணற்றில் இப்போது டீக்கடையிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவும் பணம் அனுப்பும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். திறந்தவுடன் வழிகாட்டிப் பக்கங்கள் வரிசையாக வந்தன. ‘தவிர்’ என்ற பொத்தானை அழுத்தி அத்தனையையும் தாண்டிவிட்டார். சில நாள் கழித்து ஓர் அழைப்பு: “உங்களுக்குப் பரிசுப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போட்டால் கணக்கில் ஏறும்.” போடுவதற்கு முன் என்னிடம் கேட்டதால் பணம் தப்பியது.

வழிகாட்டியைப் படிக்காதது அவருடைய குற்றமா? இல்லை, அது மனித இயல்பு. 1980-களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜான் கரோல் என்பவர், கணிப்பொறியில் தட்டச்சு பழகுவோரைக் கவனித்தார். பலரும் கையேட்டை ஒதுக்கிவிட்டு நேரே வேலையில் இறங்கினார்கள். 1984-இல் வெளியான ஆய்வில், தொடக்கநிலையினருக்குத் தேவையற்ற வசதிகளைப் பூட்டிவைத்துப் பார்த்தார். குழந்தையின் சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவது போன்ற ஏற்பாடு இது. அவர்கள் விரைவாகக் கற்றார்கள். தவறுகளில் சிக்கி வீணான நேரமும் குறைந்தது.

காரணம் எளிது. பயன்படுத்தும் தேவை வருமுன் கேட்ட செய்தி மனத்தில் பற்றிக்கொள்ள இடமில்லாமல் நழுவிவிடுகிறது. திருகு அளவியின் சுழிப்பிழையைக் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் மாணவர்கள் மறக்கிறார்கள். கருவி கையில் இருக்கும்போது ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும். பட்டாசுப் பெட்டியின் மேலேயே கொளுத்தும் முறையை அச்சிடுவதும் இதனால்தான்.

ஆகவே நல்ல வழிகாட்டி என்பது முகப்பில் வரும் பத்துப் பக்கம் அன்று. தேவைப்படும் இடத்தில் வரும் ஒரு வரியே. ரகசிய எண் கேட்கும் திரையில் யாருக்கு, எவ்வளவு போகிறது என்று காட்டப்படுகிறதே, அதுதான் உண்மையான பாடம். ஆனால் அது படிப்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 30-இல் தொடங்கப்பட்ட பீம் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் செயலி போட்டுக் கொடுத்தால் மொழியைத் தமிழாக்குங்கள். அருகில் அமர்ந்து, அவர் கையாலேயே உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள். முதல் முறை ரகசிய எண் கேட்கும். இரண்டாம் முறை அவரிடம் எதுவும் கேட்காமலே பணம் வந்து சேரும். பணம் பெற ரகசிய எண் ஒருபோதும் வேண்டாம் என்பதை அதன்பின் அவர் மறக்கமாட்டார்.