ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீர்: கரும்பு லாரி வைத்திருப்போர் கவனத்துக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. அரவைக் காலத்தில் இவ்வழியே கரும்பு லாரிகள் வரிசையாகப் போகும். சீசன் முடிந்ததும் அதே லாரிகளில் பல களத்து ஓரமாக மாதக்கணக்கில் நின்றுவிடும்.

அப்படி ஆறு மாதம் நின்ற பழைய லாரி ஒன்றை, இந்தப் பகுதி விவசாயி ஒருவர் முதல் நடைக்கு முன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது, காலை எடுத்தாலும் சட்டென்று விடுவதில்லை என்பது அவர் குறை. மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய் ஏர் டேங்கின் டிரெயின் வால்வைத் திறந்தார். காற்றோடு சேர்ந்து துருவும் எண்ணெயும் கலந்த பழுப்புத் தண்ணீர் ஒரு சொம்பு அளவுக்குக் கொட்டியது. “அண்ணே, இதைத் திறந்து எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். விவசாயியிடம் பதில் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

யாரும் ஊற்றாமலே வருகிறது. கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து, ஏறக்குறைய 8 கிலோ அழுத்தத்துக்கு அமுக்குகிறது. அதாவது 9 பங்கு காற்று 1 பங்கு இடத்தில் அடைபடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், 1 கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 9 கன மீட்டருக்கு 216 கிராம். அமுக்கிய காற்று அதே சூட்டுக்குத் திரும்பும்போது, அந்த 1 கன மீட்டரில் சுமார் 30 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 180 மில்லிக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு டம்ளர், தண்ணீராகி டேங்கின் அடியில் தங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் இது இன்னும் கூடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அதுபோன்ற நாட்களில் வெள்ளத்தில் நின்ற வண்டியை, டேங்கையும் வால்வுகளையும் பார்க்காமல் சாலையில் ஏற்றக் கூடாது.

கேஜ் மட்டும் போதாது

டேங்கில் தண்ணீர் இருந்தாலும் கேஜ் முழு அழுத்தம்தான் காட்டும். ஆனால் தண்ணீர் அடைத்த இடம் போக மீதியில்தான் காற்று இருக்கும். இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்ததும் முள் மளமளவென்று இறங்கும். துருத்தூள் வால்வுகளில் சிக்கினால் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. கரும்புப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது இது உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியவை

1. சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காற்று முழுவதும் இறங்கினால் பழைய வண்டிகளில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.
2. இன்ஜினை நிறுத்தி, வால்வுக்கு நேராக முகத்தை வைக்காமல், மெல்லத் திறங்கள். தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். எத்தனை டேங்க் இருந்தாலும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும்.
3. வண்டி ஓடும் நாளெல்லாம் மாலையில் இதைச் செய்யுங்கள். சீசன் முடிந்து நிறுத்தும் முன் ஒரு முறை, மீண்டும் எடுக்கும் முன் ஒரு முறை கட்டாயம்.
4. வருகிற தண்ணீர் பால் போல வெளுத்திருந்தால் எண்ணெய் கலக்கிறது என்று பொருள். கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
5. ஏர் ட்ரையர் உள்ள வண்டியில் அதன் கேட்ரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வண்டிப் புத்தகம் சொல்லும் கெடுவில் அதை மாற்றுங்கள். அதன்பிறகும் டேங்கில் தண்ணீர் வந்தால் ட்ரையர் சரியாக வேலை செய்யவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதை

அமெரிக்காவில் வீடு போல அமைத்த பெரிய மோட்டார் வண்டிகளிலும் ஏர் பிரேக் உண்டு. அவையும் மாதக்கணக்கில் நிற்பவை. குளிர்காலத்தில் டேங்க் தண்ணீர் உறைந்து குழாயை அடைக்கும் என்பது அங்கே கூடுதல் தொல்லை. உறைவதைத் தடுக்கச் சிலர் ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. நம் ஊருக்கு அது வேண்டாம். ரப்பர் பாகங்களைக் கெடுக்கும்.

போர்வெல் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு

டேங்க் உள்ள கம்ப்ரசருக்கும் இதே விதிதான். தண்ணீர் தேங்கினால் அடித்தகடு உள்ளிருந்தே அரித்து மெலியும். ஒருநாள் வெடிக்கவும் கூடும். ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்று பாருங்கள். காற்றோடு எண்ணெய் போனால் அது கிணற்றுத் தண்ணீரிலும் கலக்கும்.

அந்தக் கூட்டேரிப்பட்டு லாரிக்கு டேங்கைக் கழுவி, இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. முதல் வாரக் கரும்பு வெட்டு தள்ளிப்போனது. இப்போது அந்த வண்டியின் டிரைவர் சாவியை வீட்டில் கொடுக்கும் முன் வால்வைத் திறந்து மூடிவிட்டுத்தான் வருகிறார். அதற்கு ஆவது ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை.