ஃப்ரேமுக்குள் பெட்ரோல், சாவி ஹார்லி கையில்! தெரியுமா?

பெட்ரோல் டாங்க் இல்லாத பெட்ரோல் பைக் ஒன்று இருந்தது, தெரியுமா? சீட்டுக்கு முன்னால் டாங்க் மாதிரியே ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். விரலால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம்! மூடியைக் கழற்றினால் உள்ளே ஏர் ஃபில்டர்! அப்படியானால் பெட்ரோல் எங்கே? வண்டியைத் தாங்குகிற அலுமினிய ஃப்ரேமின் தடித்த குழாய்களுக்குள்ளே! இன்ஜின் ஆயில்? பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்குள்ளே! சைலன்சர்? இன்ஜினின் அடிவயிற்றில்!

முன் பிரேக்கைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். வேகமான பைக்குகளில் சக்கரத்தின் நடுவில், அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு டிஸ்க் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்த விசை நடுவிலிருந்து ஆரக்கால் வழியாக ரிம்முக்குப் போயாக வேண்டும். அதனால் ஆரக்கால்கள் கனமாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஒரே ஒரு டிஸ்க். அதுவும் ரிம்மின் உள்விளிம்பிலேயே, பெரிய வளையல் மாதிரி! பிரேக் விசை நேராக ரிம்முக்குப் போய்விடும். ஆரக்கால்களுக்கு அந்தச் சுமையே கிடையாது, மெலிதாக வார்க்கலாம். சக்கரத்தின் எடை குறைய, வண்டி நினைத்த பக்கம் சட்டென்று வளையும். எல்லா எடையையும் நடுவில் குவிக்க வேண்டும், சக்கரத்தில் எடை கூடாது, ஃப்ரேம் துளியும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றுக்காகத்தான் இத்தனை பாடும். 2002-ல் வெளிவந்த எக்ஸ்பி வரிசை பைக்குகள் இவை. இவற்றைப் படைத்தவர் எரிக் பியூவெல் என்ற அமெரிக்க இன்ஜினியர்.

இவ்வளவு மூளை வேலை செய்த வண்டியில் ஓடிய இன்ஜின் எது தெரியுமா? ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் குடும்பத்தின் இன்ஜின்! காற்றால் குளிர்கிற, 45 டிகிரி கோணத்தில் இரண்டு சிலிண்டர் சாய்ந்து நிற்கிற, புஷ்ராடு வைத்த பழங்கால அமைப்பு. நெடுஞ்சாலையில் நிதானமாக, தடதடவென்று போகப் பிறந்த இன்ஜினைக் கொண்டுவந்து, வளைவுகளில் பாயப் பிறந்த உடம்புக்குள் வைத்தார்கள். ஏன்? அது பியூவெல் கம்பெனியின் தாய் நிறுவனமான ஹார்லியின் இன்ஜின். பியூவெல் கதையின் முடிச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

எரிக் 1979-ல் ஹார்லியில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது ஹார்லியே வேறொருவர் கையில் இருந்தது தெரியுமா? ஆம்! 1969 முதல் ஹார்லியின் முதலாளி ஏஎம்எஃப். பௌலிங் கூடங்களில் விழுந்த கட்டைகளை அடுக்கி வைக்கும் இயந்திரம் முதல் விளையாட்டுச் சாமான்கள் வரை செய்த கம்பெனி. உற்பத்தியைக் கிடுகிடுவென்று கூட்டச் சொன்னார்கள், தரம் விழுந்தது, ஆயில் ஒழுகும் வண்டி என்று ஊர் பேசியது. கடைசியில் 1981-ல் ஹார்லியின் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பெனியை மீட்டார்கள்! மீட்ட கையோடு பென்சில்வேனியாவின் யார்க் தொழிற்சாலையிலிருந்து மில்வாக்கி வரை பைக்கிலேயே ஊர்வலம் போனார்கள். பெரிய குடைக்கடியில் வெயில் இல்லாமல் வாடுவது எப்படி இருக்கும் என்று ஹார்லியைவிட நன்றாகத் தெரிந்த கம்பெனி உலகத்தில் இருந்திருக்காது.

எரிக் ஹார்லியை விட்டு வெளியே வந்து சொந்தமாகப் பந்தய வண்டி செய்தார். அது ஓட வேண்டிய பந்தயப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள்! பிறகு ஹார்லியிடம் மிஞ்சிக் கிடந்த எக்ஸ்ஆர்1000 இன்ஜின்களை வாங்கிச் சாலை வண்டிகள் செய்தார். 1993-ல் அவருடைய பியூவெல் கம்பெனியில் ஹார்லி 49 சதவீதப் பங்கை வாங்கியது. 1998-ல் ஏறக்குறைய முழுவதும், 2003-ல் முழுவதுமே ஹார்லிக்குப் போனது. பணம் வந்தது, விஸ்கான்சினின் ஈஸ்ட் ட்ராய் ஊரில் தொழிற்சாலை ஓடியது, அமெரிக்கா முழுக்க ஹார்லி ஷோரூம்கள் பியூவெல் வண்டிகளுக்குத் திறந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு லாட்டரி விழுந்த மாதிரி!

ஆனால் அந்த ஷோரூமுக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முன்வரிசையில் குரோம் பளபளக்கும் பெரிய ஹார்லிகள். ஒரு வண்டி விற்றால் கூடவே தோல் ஜாக்கெட், பூட்ஸ், அலங்காரச் சாமான் என்று வியாபாரம் நீளும். வருபவர் தோரணைக்காக வருகிறார். விற்பவருக்குத் தெரிந்த பேச்சும் அதுதான். ஓரத்தில் நிற்கும் சின்ன வண்டியில் பிரேக் ஏன் ரிம்மில் இருக்கிறது என்று பொறுமையாக விளக்க யார் இருந்தார்கள்? வளைவில் சாய்ந்து பாயும் வண்டி தேடுகிற இளைஞரோ ஜப்பான் வண்டிக் கடைக்கும் டுகாட்டி கடைக்கும் போனாரே தவிர, ஹார்லி வாசலை மிதிக்கவில்லை. வாங்குபவர் வராத கடையில், விற்கத் தெரியாதவர் கையில் வண்டி! கோளாறு வண்டியில் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

2000-ல் வந்த பியூவெல் பிளாஸ்ட் தெரியுமா? 492 சிசி, ஒற்றைச் சிலிண்டர். பெரிய இன்ஜினைப் பாதியாக வெட்டிய மாதிரி! புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்காக வந்தது; ஹார்லியின் பயிற்சிப் பள்ளிகளில் அதை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். 4,395 டாலர் விலைக்கு அது துள்ளலாக இல்லை என்று வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். 2009-ல் பியூவெல் கம்பெனியே ஒரு பிளாஸ்டை நசுக்கிக் கனசதுரமாக்கி விளம்பரம் போட்டு அதற்கு விடை கொடுத்தது!

மூச்சை நிறுத்துகிற செய்தி இனிமேல்தான். திரவத்தால் குளிரும் நவீன இன்ஜின் ஹார்லியிடம் இல்லாமலா இருந்தது? இருந்தது! ஜெர்மனியின் போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கி 2001-ல் வி-ராட் பைக்கில் வைத்தார்கள். அது ஒரு பியூவெல் வண்டிக்கும் வரவில்லை. பெரிய குரூஸருக்கு என்று வளர்ந்த இன்ஜின், சிற்றுடம்புக்குள் எப்படி நுழையும்? தனக்கேற்ற இன்ஜினுக்காக பியூவெல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டி வந்தது. 1125 சிசி, 146 குதிரைத்திறன்! அந்த இன்ஜினோடு 1125ஆர் பைக் 2007-ல் வெளிவந்தது. ஹார்லி உள்ளே வந்து 14 வருடம் கழித்து!

அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடி. கடனில் வண்டி விற்றுப் பழகிய ஹார்லிக்குக் கழுத்து வரை தண்ணீர். 2009 சீசனில் டேனி எஸ்லிக், 1125ஆர் ஓட்டி அமெரிக்காவின் டேடோனா ஸ்போர்ட்பைக் சாம்பியன் பட்டம் வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 15-ல் ஹார்லி அறிவித்தது: பியூவெல் மூடப்படுகிறது. விற்கப்படவில்லை, கவனியுங்கள், மூடப்பட்டது! அதுவரை செய்திருந்த வண்டிகள் 1,35,000-க்கும் மேல். எரிக் வீடியோவில் தொண்டை அடைக்க விடைபெற்றார். பியூவெல் என்ற பிராண்ட் அன்று ஹார்லியிடமே தங்கியது. பெற்றவர் பெயர்தான், பிள்ளையின் பெயரும் அதுதான். பெயர், பிள்ளை இரண்டுமே அவர் கையில் இல்லாமல் போயின.

அதே நாளில் இன்னொரு பெயரையும் கைகழுவப்போவதாக ஹார்லி சொன்னது: இத்தாலியின் எம்வி அகுஸ்டா. 2008-ல்தான் சுமார் 10.9 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது! 2010-ல் பழைய முதலாளி கிளாடியோ காஸ்டிலியோனியிடமே பெயரளவுத் தொகைக்குத் திரும்பப் போனது. செலவுக்கு 2 கோடி யூரோவும் ஹார்லியே கொடுத்தது. இதற்கு முன் மலேசியாவின் புரோட்டான் கம்பெனி 7 கோடி யூரோவுக்கு எம்வி பங்குகளை வாங்கி, 2005-ல் ஒரே ஒரு யூரோவுக்கு விற்றிருக்கிறது, தெரியுமா?

தாய் நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். திருவொற்றியூரில் தயாரான புல்லட் கதை நேர் எதிர்! 2000 வாக்கில் புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டை மூடிவிடலாமா என்று அதன் தாய் நிறுவனமான ஐஷர் யோசித்தது. ஐஷர் குடும்பத்தின் சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு வாங்கினார். பிறகு 2005-ல் ஐஷர் எதை விற்றது தெரியுமா? தன் பூர்வீகத் தொழிலான டிராக்டரை! வாங்கியது சென்னையின் டாஃபே. புல்லட்டுக்கு அதன் இன்ஜின், அதன் தொழிற்சாலை, அதன் கடை என்று எல்லாமே தனி. அண்ணன் வண்டிக்கு ஓரமாக நிற்க வேண்டிய நிலை அதற்கு வரவில்லை.

எரிக் விடவில்லை. 2009-லேயே எரிக் பியூவெல் ரேசிங் என்று மறுபடி தொடங்கினார். 2013-ல் அதில் பங்கு வாங்கியது யார்? நம் ஹீரோ மோட்டோகார்ப்! எத்தனை சதவீதம்? 49.2! இருபது வருடம் முன்பு ஹார்லி வாங்கியதும் ஏறக்குறைய அதேதான், 49! 2.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம். 2015 ஏப்ரலில் கடன் முற்றி ஈஸ்ட் ட்ராய் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

2020-ல் ஹார்லி இந்தியாவில் சொந்தக் கடையை மூடியபோது கைகோத்த கம்பெனி எது தெரியுமா? அதே ஹீரோ! 2023-ல் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்440 ராஜஸ்தானின் நீம்ரானாவில் தயாராகிறது. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். பெட்ரோல், வழக்கம்போல் டாங்க்கில்.